அன்றாடப் புள்ளியியல் பாடத்தைக் கட்டம் மாற்றிய விவரம்

முதல் தாளில் பெயரும் தகப்பனார் பெயரும் எழுதிக்கொடுத்திருக்கும் எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பேருந்துப் பணிமனைக்கு எதிரே உள்ள அடுக்குக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில், கணவருடன் வசித்து வருகிறேன். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்தும் வேலை செய்கிறார். நான் மாலைக் கல்லூரியின் பட்டச் சரிபார்ப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுத்தராக இருந்தேன். சென்ற வாரம் முதல் பணியிடை நீக்கத்தில் இருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார்கள். நானாகச் சொல்வதை, உதவி ஆய்வாளர் முன்னிலையில், நிலையத்தின் எழுதும் காவலர் எழுதிக்கொள்கிறார்.

என் வேலை என்ன என்று உதவி ஆய்வாளர் கேட்டதால் அதை முதலில் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் பட்டம் வாங்க நாற்பது பாடங்களில் தேற வேண்டும். ஆனால் நாற்பது தேறினால் மட்டும் போதாது. முதன்மைப் பாடம் இருபது, துணைப் பாடம் ஆறு, பொதுப் பாடம் எட்டு, விருப்பப் பாடம் ஆறு என்று நான்கு கட்டங்களும் நிரம்ப வேண்டும். பொதுப் பாடம் எட்டில் ஒன்று கட்டாயம் கணக்கு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு பாடத்தை ஒரு கட்டத்தில்தான் வைக்கலாம். எந்தப் பாடம் எந்தக் கட்டம் என்பதைப் படிக்கிறவரோ சொல்லிக்கொடுக்கிறவரோ முடிவு செய்வதில்லை. பாடக் குழு முடிவு செய்து ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடும். ஒருவர் எந்த ஆண்டு சேர்ந்தாரோ அந்த ஆண்டின் பட்டியல்தான் அவருக்குக் கடைசி வரை. அந்தப் பட்டியலைக் கணினியில் ஏற்றுவதும், படித்து முடித்தவர்களின் பாடங்களைக் கட்டத்தில் பொருத்திப் பார்ப்பதும் என் வேலை. யார் வந்து எதைக் கேட்டாலும் நான் "எந்தக் கட்டம்?" என்று திருப்பிக் கேட்பதால் அலுவலகத்தில் எனக்குக் கட்டத்தம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரே என் முகத்துக்கெதிரேயே கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கட்டம் சரியாக இருந்தால்தான் பட்டத்துக்கு மரியாதை என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் வேலை பார்த்தேன்.

இந்த வழக்கில் இரண்டாவதாகப் பெயர் சேர்க்கப்பட்டிருக்கும் பெண்மணியை ஒன்பது ஆண்டுகளாக எனக்குத் தெரியும். அவர் பொது மருத்துவமனையின் பழைய கட்டிடத்தில் லிஃப்ட் இயக்குபவர். எங்கள் அலுவலகத்தில் அவரை லிஃப்ட் அம்மா என்போம். என் உறவினர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, ஒரே ஊர்க்காரர்கூட இல்லை. லிஃப்டுக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்து எங்கள் கல்லூரிப் பாடங்களைப் படித்தவர். கீழிருந்து நான்காம் மாடி போவதற்குள் அரைப் பக்கம் ஓடும் என்றும், நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றினால் ஒரு வரிகூட ஓடாது என்றும் ஒருமுறை என்னிடம் சொன்னார். வருடத்துக்கு ஐந்து பாடம் என்று நிதானமாகத் தேறி வந்தார்.

ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்தது. ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைக்க வேண்டும் என்று என் சன்னலுக்கு வந்தார். அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று விடுப்புப் படிவம். அதில் துறைத் தலைவர், நூலகர், பதிவாளர் என்று மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். அன்றைக்குப் பதிவாளர் வெளியூர் போயிருந்தார். இன்னொன்று விலகல் படிவம். அதில் எங்கள் கண்காணிப்பாளர் கையெழுத்து ஒன்றே போதும். அடுத்த ஆண்டு மறுசேர்க்கை வாங்கிக்கொள்ளலாம். லிஃப்டை இன்னொருவரிடம் அரைமணி நேரம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தவர், சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டாவது படிவத்தை எடுத்து நானே நிரப்பினேன்.

"இதுல ஒரே கையெழுத்துதாம்மா. அடுத்த வருஷம் வந்து சேந்துக்கலாம். படிச்ச பேப்பர் எங்கயும் ஓடிடாது."

"வேற ஒண்ணும் வித்தியாசம் இல்லையே மேடம்?"

"ஒண்ணும் இல்ல."

வித்தியாசம் இருந்தது. மறுசேர்க்கை வாங்குகிறவருக்குப் புதிதாகச் சேர்ந்த ஆண்டின் பட்டியல்தான் பொருந்தும். எனக்கு அது தெரியாதா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். தெரியும். வேறு யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அன்றைக்கு நான் கையெழுத்துகளை எண்ணினேன், பட்டியலை நினைக்கவில்லை. அவருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் இருந்தேன்.

அவர் படிப்பை நிறுத்தியிருந்த அதே ஆண்டில் பாடக் குழு கூடியது. கணிதத் துறையின் பாடங்களுக்கு ஆளே சேருவதில்லை என்று அந்தத் துறைத் தலைவர் குறைப்பட்டுக்கொண்டதால், எல்லோரும் விரும்பி எடுத்துவந்த அன்றாடப் புள்ளியியல் என்ற பாடத்தைப் பொதுக் கட்டத்திலிருந்து விருப்பக் கட்டத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு கணக்குக்கு வேறு போக்கிடம் இல்லாமல் பிள்ளைகள் கணிதத் துறைக்குப் போனார்கள். கூட்ட நடவடிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான். புதிய பட்டியலைக் கணினியில் ஏற்றியவளும் நான். லிஃப்ட் அம்மா தன்னுடைய கணக்குப் பாடமாக மூன்றாம் ஆண்டிலேயே படித்துத் தேறியிருந்தது அந்தப் புள்ளியியலைத்தான். அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. ஆயிரம் பேரின் பாடங்கள் என் கையில் வந்து போகின்றன.

அடுத்த ஆண்டு அவர் மறுசேர்க்கை வாங்கி மீதிப் பாடங்களைப் படித்து, இன்றைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, கடைசித் தேர்வின் மதிப்பெண் தாளோடு வந்தார். சன்னல் வழியே என் கையில் கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். நான் கணினியில் போட்டேன். முப்பத்தொன்பது என்று வந்தது. மறுபடியும் போட்டேன். அப்போதும் முப்பத்தொன்பதுதான்.

"நாப்பதும் பாஸ்தானே மேடம்?"

"பாஸ்தாம்மா."

"அப்புறம் ஏன் ரெண்டு தடவ பாக்கறீங்க?"

கணக்குப் பாடத்தின் இடம் காலியாக இருக்கிறது, விருப்பப் பாடம் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருக்கிறது, ஏழாவது எதிலும் சேராது என்று சொன்னேன். அவர் மறுசேர்க்கை வாங்கிய ஆண்டின் பட்டியலையும் எடுத்துக் காட்டினேன். அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"அதே புஸ்தகம், அதே சாரு, அதே பரீட்சை. நான் படிக்கும்போது கணக்கு, இப்போ இல்லையா?"

விதி என்ன என்பதைச் சொல்லத் தெரிந்த எனக்கு, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. படிவத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்பதையும் அன்றைக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் அவர் மறுபடி வந்து விஷயத்தைச் சொன்னார். மருத்துவமனையின் பதிவறையில் ஓர் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்கு முன்னுரிமை. பட்டம் வேண்டும், வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். நேர்காணல் முடிந்து இவரைத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். சென்ற மாதம் முப்பதாம் தேதிக்குள் பட்டச் சான்றிதழைக் கொடுத்தால் வேலை. அவருக்கு நாற்பத்தைந்து முடிய அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான் இருந்தது. கணக்குப் பாடம் ஒன்றைப் புதிதாக எடுத்துப் படிக்கலாம் என்றால், வகுப்பு தொடங்கவே மூன்று மாதம் ஆகும். இந்த வேலையை விட்டால் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் பட்டம் கிடைத்தாலும் லிஃப்ட்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. முதலில் புள்ளியியல் துறைத் தலைவரிடம் போனேன். அவர் சிரித்தார். "கணக்கு இல்லாம என்னம்மா புள்ளியியல்? யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஆனா எழுத்துல மட்டும் கேக்காதீங்க, குழுவை நான் எதுத்த மாதிரி ஆயிடும்" என்றார். அதன் பிறகு பதிவாளரிடம் போனேன். விலக்கு கொடுக்கும் அதிகாரம் பாடக் குழுவுக்குத்தான் உண்டு, குழு வருடத்துக்கு இரண்டு முறைதான் கூடும், அடுத்தது நான்கு மாதம் கழித்து, அப்போது கட்டாயம் வைக்கலாம் என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். அதன் பிறகு எங்கள் கண்காணிப்பாளரிடம் போய், படிவத்தில் தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"படிவத்துல மனுதாரர் கையெழுத்து யாரோடது?"

"அவங்களோடது சார். ஆனா எடுத்துக் குடுத்து நிரப்பினது நான்."

"கையெழுத்து அவங்களோடதுதானே? அப்புறம் நீங்க ஏம்மா மண்டையப் போட்டு உடைச்சுக்கறீங்க?"

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்.

ஒவ்வொரு மாதமும் இருபத்தெட்டாம் தேதி மாலை நான்கு மணிக்குக் கணினி எல்லா மாணவர்களின் பாடங்களையும் ஒருசேரச் சரிபார்க்கும். அது முடிந்ததும் பட்டியல் பூட்டிக்கொள்ளும், அடுத்த மாதம் முதல் தேதிதான் திறக்கும். அதற்குள் புள்ளியியலைப் பொதுக் கட்டத்துக்கு மாற்றி, லிஃப்ட் அம்மாவின் பெயரை மட்டும் சரிபார்த்து, தற்காலிகப் பட்டச் சான்றிதழை அச்செடுத்துவிட்டு, பாடத்தைப் பழையபடி வைத்துவிடலாம் என்று யோசித்தேன். கட்டம் பாடத்தோடு ஒட்டியது, ஆளோடு ஒட்டியது இல்லை. ஒருவருக்காக மாற்றினால் அந்தப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் மாறும். ஆனால் அரைமணி நேரத்துக்குத்தானே, யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். இருபத்தேழாம் தேதி உட்கார்ந்தேன், கை வரவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்.

இருபத்தெட்டாம் தேதி மதியம் ஒன்று பத்துக்கு, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, கட்டத்தை மாற்றினேன். யாருடைய கடவுச்சொல்லையும் நான் திருடவில்லை. என் பெயரில், என் கணினியில்தான் செய்தேன். லிஃப்ட் அம்மாவின் பெயருக்கு நேராக நாற்பது என்று வந்தது. சான்றிதழை அச்செடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரின் கையெழுத்துக்குப் போனேன். அவர் திரையில் பார்க்க வேண்டும் என்று சொன்னாலும் சொல்வார் என்பதால் பாடத்தை உடனே திருப்பி வைக்கவில்லை. அவர் பார்க்கவே இல்லை. மற்ற தாள்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டார். நான் ஒன்று முப்பத்தைந்துக்குத் திரும்பி வந்தேன். பட்டியல் பூட்டியிருந்தது.

கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பிக்கு, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்ததால், நான்கு மணிக்கு ஓட வேண்டிய சரிபார்ப்பை ஒன்றரைக்கே ஓடவிட்டு அவர் கிளம்பிப் போயிருந்தார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஐந்து மணிக்கு லிஃப்ட் அம்மா வந்தார். சான்றிதழைக் கொடுத்தேன்.

"எப்படி மேடம் சரியாச்சு?"

"ஆயிடுச்சும்மா. நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் என்னிடம் எதையும் மாற்றச் சொல்லவில்லை. அவருக்கு இந்தத் திட்டத்தில் பங்கு உண்டா என்று மூன்று முறை கேட்டுவிட்டார்கள். மூன்று முறையும் இதையே சொன்னேன், நான்காவது முறை கேட்டாலும் இதுதான்.

இருபத்தொன்பதாம் தேதி காலை கண்காணிப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, தலையில் கை வைத்தபடி உட்கார்ந்தார். "ஏம்மா என்கிட்ட சொன்னீங்க? இப்போ நான் மேல எழுதணுமே" என்றார். அதற்குள், சரிபார்ப்பு முடிந்ததும் தானாகப் போகும் தகுதிக் கடிதங்களைக் கணினி அனுப்பிவிட்டிருந்தது. அந்தப் புள்ளியியலை விருப்பப் பாடமாக வைத்திருந்தவர்கள் ஒன்பது பேர். கட்டம் மாறியதும் அவர்களுக்கு விருப்பப் பாடம் ஒன்று குறைந்து, பட்டத்துக்குத் தகுதி இல்லை என்று கடிதம் போனது. எட்டுப் பேருக்கு மறுநாளே திருத்திக் கடிதம் அனுப்பினோம். ஒன்பதாவது ஒரு பெண்பிள்ளை. அவளுக்கு வேலை கொடுக்க இருந்த நிறுவனம் ஏற்கெனவே எங்களிடம் விவரம் கேட்டிருந்ததால், கடிதம் நேராக அங்கே போய்விட்டது. திருத்திய கடிதம் போவதற்குள் அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணின் அப்பா என் வீட்டுக்கு வந்தார். புகார் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று பேசினார்.

"உங்களுக்கு அந்த அம்மாவத் தெரியும். என் பொண்ணயும் ஒரு தடவ பாத்திருந்தீங்கன்னா இப்படிச் செஞ்சிருப்பீங்களா?"

"மாட்டேங்க."

"அவ்வளவுதான் கேக்க வந்தேன்."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. லிஃப்ட் அம்மாவுக்குச் செய்ததற்காக நான் வெட்கப்படவில்லை. இந்தப் பெண்ணுக்குச் செய்ததற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டும் ஒரே செயல்தான் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். அது எனக்கும் தெரியும்.

சான்றிதழ் செல்லாது என்று கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிய கடிதம் போய்ச் சேர எட்டு வேலைநாள் ஆனது. அந்த எட்டு நாளும் லிஃப்ட் அம்மா பதிவறையில் மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். கலைந்து கிடந்த பழைய கோப்புகளை நோய் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் பிரித்து அடுக்கினாராம். இத்தனை வருடமாக யாரும் செய்யாத வேலை என்று பதிவறைப் பொறுப்பாளர் எங்கள் கண்காணிப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு, அதே அழைப்பில், அவரை வெளியே அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். வழக்கு முடியும்வரை லிஃப்ட் வேலைக்கும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முக்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

எவ்வளவு வாங்கினீர்கள் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை என்றேன். பணம் இல்லை, உறவு இல்லை, பின் எதற்காக என்று கேட்டு, நோக்கம் என்ற இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார். ஒருமுறை என் கணவரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது, லிஃப்ட் அம்மா கூட்டத்தை ஒதுக்கி எங்களை முதலில் ஏற்றினார். அதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதும் காவலர் சிரித்தார். உதவி ஆய்வாளர் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை மட்டுமே கூடும் பாடக் குழு, என் விவகாரம் வெளியே வந்த நான்காம் நாளே அவசரமாகக் கூடியது. அன்றாடப் புள்ளியியல் கணக்கு சம்பந்தப்பட்ட பாடம்தான், அதை விருப்பக் கட்டத்தில் வைத்ததே குழப்பத்துக்குக் காரணம் என்று பேசி முடிவு செய்து, மறுபடியும் பொதுக் கட்டத்துக்கே மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டு சேர்பவர்களுக்கு அது கணக்குதான். ஏற்கெனவே படித்தவர்களுக்குப் பொருந்தாது என்று கடைசி வரியில் இருக்கிறது.

இன்று காலை பத்து மணிக்கு இந்த நிலையத்துக்கு எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். லிஃப்ட் அம்மா எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்றைக்கு விலகல் படிவத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான், அதனால்தான் பட்டியல் மாறியது என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "அப்போவே தெரியும் மேடம். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அவரை முதலில் கூப்பிட்டார்கள். எழுதும் காவலர் பெயர் கேட்டார், சொன்னார். வயது கேட்டார், நாற்பத்தைந்து என்றார். தொழில் கேட்டபோது கொஞ்சம் தயங்கி, லிஃப்ட் என்றார். அடுத்ததாக, படிப்பு என்ன என்று கேட்டார். காவலர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்னம்மா, என்ன படிச்சிருக்கீங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக, யார் என்ன படித்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. நாற்பது பாடம் தேறியிருக்கிறார் என்று பெஞ்சிலிருந்தே சொன்னேன்.

"பட்டமா?" என்றார் காவலர்.

"இல்ல" என்று லிஃப்ட் அம்மாவே சொன்னார். "ஸ்கூல் படிப்புன்னு போடுங்க சார்."

காவலர் அப்படியே எழுதினார். நாற்பது பாடம் என்பதையும் சேர்த்து எழுதும்படி நான் எழுந்து போய்க் கேட்டேன். அந்தப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்று காட்டினார். இடம் இல்லைதான், நானும் பார்த்தேன். அதனால் என்னுடைய வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அவர் நாற்பது பாடங்களிலும் தேறியவர். அன்றாடப் புள்ளியியலில் நூற்றுக்கு எழுபத்தெட்டு.

இதுவரை எழுதியது முழுவதும் எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. சொல்லாதது எதுவும் சேரவில்லை, சொன்னது எதுவும் விடுபடவில்லை. அனைத்தும் உண்மை என்று அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்